பெட்டியா, அறையா? வீட்டில் செய்த மானிட்டர் ஸ்பீக்கர் தகராறு செய்யும்போது

குன்னூரில் என் வேலை அறை 11 அடி நீளம், 9 அடி அகலம், 8 அடி உயரம். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல், எதிர்ப்பக்கம் வெறும் சுவர், மேலே பலகை, அதற்கும் மேலே தகரம். இந்த அறைக்கென்று இதுவரை மூன்று ஜோடி ஸ்பீக்கர் செய்துவிட்டேன். முதல் ஜோடியை ஐந்து முறை பிரித்துப் பார்த்தேன். அதில் நான்கு முறை பிரித்தது வெட்டி வேலை. கோளாறு பெட்டியில் இல்லவே இல்லை.

தாழ்ந்த ஒலிக்கு 5 அல்லது 6 அங்குல ஊஃபர், மேல்சுரத்துக்கு 1 அங்குல டோம் ட்வீட்டர் வைத்து இருவழி மானிட்டர் (மிக்ஸிங் வேலைக்குக் கேட்கும் ஸ்பீக்கர்) செய்யத் திட்டம் போடுகிறவர்களுக்கும், செய்து முடித்துவிட்டு முழிக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். காதில் என்ன விழுகிறதோ அதைத் தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்கள் தலைப்பைத் தேடிப் போய்ப் படித்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சோதனை.

ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்

ஸ்பீக்கரை வாசலுக்குத் தூக்கிப் போங்கள். மழையும் பனிமூட்டமும் இல்லாத ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும். ஒரு உயரமான ஸ்டூலின் மேல், சுவர்களிலிருந்து தள்ளி வையுங்கள். ஒரு மீட்டர் தூரத்தில் நின்று, உள்ளே தொந்தரவு கொடுத்த அதே பாட்டை அதே சத்தத்தில் கேளுங்கள். கோளாறு அங்கேயும் இருந்தால் பெட்டியிலோ, ஒலியை ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரிலோ தேட வேண்டும். காணாமல் போனால் அறைதான் குற்றவாளி.

வெளியே பேஸ் மெலிந்துதான் கேட்கும். பயப்பட வேண்டாம். அறையில் பின்சுவரும் மூலைகளும் தருகிற முட்டு வெளியில் இல்லை, அவ்வளவுதான். பேஸ் அதிகமா குறைவா என்று அங்கே தீர்ப்பு சொல்லாதீர்கள். ஒரு சுரம் மட்டும் துருத்துகிறதா, குரல் மூக்கால் பேசுகிறதா, கரகரப்பு இருக்கிறதா, இவற்றை மட்டும் கவனியுங்கள்.

அளக்க வசதி இருந்தால் இன்னும் நல்லது. அளவீட்டு மைக் ஒன்றும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் போதும். கைபேசி மைக்கை 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே நம்ப வேண்டாம்.

"பேஸில் ஒரு சுரம் மட்டும் கும்முனு முழங்குது"

சின்ன அறைக்காரர்களிடம் அதிகம் கேட்கும் புகார் இதுதான், எனக்கு நேர்ந்ததும் இதுதான். நண்பர் ஒருவருடைய படுகப் பாட்டுக்கு மிக்ஸிங் செய்துகொண்டிருந்தேன். பேஸ் கிட்டார் படியிறங்கி வரும்போது ஒரே ஒரு சுரம் மட்டும் மேஜையையே தள்ளுவதுபோல வந்தது. ஊஃபர் மட்டம் என்று முடிவு கட்டி மாற்றினேன். புது ஊஃபரிலும் அதே சுரம்.

விஷயம் எளிது. இரண்டு எதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி போய்த் திரும்பும்போது, அறையின் நீளம் அரை அலைநீளத்துக்குச் சமமாகிற இடத்தில் அலை நின்று விளையாடும். ஒலியின் வேகத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அந்த அதிர்வெண் கிடைக்கும். எங்கள் ஊர்க் குளிரில், 15 டிகிரியில், ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 340 மீட்டர். என் அறையின் 11 அடி 3.35 மீட்டர், ஆகவே 51 ஹெர்ட்ஸ். 9 அடிக்கு 62. 8 அடிக்கு 70. இவற்றின் இரு மடங்குகளிலும் இதே கூத்து உண்டு: 101, 124, 139. முழங்கிய சுரத்தை அளந்து பார்த்தேன், 62-க்குப் பக்கத்தில் நின்றது. கூட்டல் கழித்தல் தெரிந்தவன் ஊஃபர் வாங்கியிருக்க மாட்டான்.

உங்கள் அறை 10-க்கு 10 சதுரமா? அப்படியானால் இரண்டு திசையும் 56 ஹெர்ட்ஸில் ஒன்றாகக் கைகோத்துக்கொள்ளும். வீட்டில் வேறு அறை இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பங்களாக்களில் பலகைத் தரையும் பலகைக் கூரையும் இருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். பலகை கொஞ்சம் அசைந்து கொடுத்துத் தாழ்ந்த ஒலியைத் தின்றுவிடும். என் அறையில் 70 பெரிதாக வம்பு செய்யாததற்குக் கூரைப் பலகைதான் காரணம் என்று நினைக்கிறேன். நாலு பக்கமும் கான்கிரீட் என்றால் எதுவும் தின்னப்படாது.

தீர்வு வரிசை இது. முதலில் நாற்காலியை நகர்த்துங்கள், செலவே இல்லை. அடுத்து மூலைகளில் நல்ல தடிமனான உறிஞ்சிகள்: கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் (கல்லை உருக்கி நூலாக்கிய பஞ்சு), குறைந்தது 4 அங்குலத் தடிமன், பின்னால் இன்னொரு 4 அங்குலம் இடைவெளி. ஒரு அங்குல ஃபோமும் முட்டை அட்டையும் பேஸை ஒன்றும் செய்யாது. அவை மேல்சுரங்களை மட்டும் தின்றுவிட்டு அறையை இன்னும் கும்மாக்கிவிடும். இலவம்பஞ்சு மெத்தையை மூலையில் நிறுத்திப் பார்த்தேன், சும்மா சொல்லக்கூடாது, ஃபோமைவிட எவ்வளவோ மேல். மலையில் இருக்கிறவர்களுக்கு அந்த இடைவெளி ஒலிக்காக மட்டும் அல்ல. வெளிச்சுவரோடு ஒட்டி வைத்தால் சுவர் வியர்த்து, ஆறு மாதத்தில் துணியின் பின்புறம் பூஞ்சை படரும்.

கடைசியாகத்தான் ஈக்வலைசர். முழங்குகிற சுரத்தை அது குறைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. இல்லாத சுரத்தைக் கொண்டுவராது.

"பேஸையே காணோம், ஆனா காரில் கேட்டா கொட்டுது"

போன தலைப்பின் மறுபக்கம். நாற்காலி அறையின் நட்டநடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். நீளவாக்கில் நிற்கும் அலைக்கு நடு இடம்தான் பள்ளம். என் அறையில் 5½ அடியில் உட்கார்ந்தால் 51 ஹெர்ட்ஸ் காதுக்கு எட்டாது. எட்டவில்லை என்று மிக்ஸில் பேஸைக் கூட்டுவோம். அந்த மிக்ஸ் வெளியே போய் ஊரையே அதிர வைக்கும்.

முன்சுவரிலிருந்து (உங்களுக்கு எதிரே, ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் இருக்கும் சுவர்) நீளத்தில் 38 சதவீதத் தூரத்தில் உட்கார்ந்து தொடங்குங்கள். எனக்கு அது 4 அடி 2 அங்குலம். அதுவே வேதம் அல்ல, அங்கிருந்து அரை அடி முன்பின் நகர்த்தி அளந்து பாருங்கள். பின்சுவரில் முதுகு சாய்த்து உட்காருவது மட்டும் கூடாது. அங்கே எல்லாத் தாழ்சுரமும் வந்து குவியும்.

இன்னொரு காரணம், பெட்டிக்குப் பின்னால் இருக்கும் சுவர். பின்னோக்கிப் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, முன்னால் போகும் ஒலியை ஒரு குறிப்பிட்ட இடத்தில் அடித்துவிடும். ஸ்பீக்கர் முகத்திலிருந்து சுவர்வரை உள்ள தூரம் கால் அலைநீளமாக இருக்கும் இடம் அது. 60 சென்டிமீட்டர் என்றால் 142 ஹெர்ட்ஸ், அதாவது ஆண் குரலின் அடிவயிறு. ஸ்பீக்கரைச் சுவரை விட்டுத் தள்ளி வைத்தால் நல்லது என்று யாரோ சொல்ல, அரை மீட்டர், முக்கால் மீட்டர் என்று தள்ளி வைத்துவிட்டுக் குரலைத் தொலைக்கிறோம். சின்ன அறையில் நேர்மாறாகச் செய்ய வேண்டும். சுவரோடு ஒட்டி வையுங்கள். பெட்டியின் ஆழம் 25 சென்டிமீட்டர் என்றால் அந்தப் பள்ளம் 340 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அங்கே பின்னால் போகும் ஒலியும் குறைவு, இரண்டு மூன்று அங்குலப் பஞ்சே அடக்கிவிடும்.

சுவரோடு ஒட்டி வைக்கப்போவது உறுதி என்றால், திட்டம் போடும்போதே காற்று வெளியேற வழியில்லாத மூடிய பெட்டியாகப் போட்டுவிடுங்கள். பேஸுக்காகப் பின்னால் காற்றுக் குழாய் வைத்த பெட்டி சுவரோடு மூச்சு முட்டும். பி.பி.சி. 1970களில் வெளி ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ மூடிய பெட்டிதான், சுமார் 5 லிட்டர். யமஹா 1978-இல் கொண்டுவந்த என்.எஸ்.10-உம் மூடியதுதான். பேஸ் குறைவு என்று இரண்டையும் எல்லோரும் திட்டினார்கள், ஆனாலும் எல்லோரும் வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள்.

"கணக்குப்படி செய்தேன், ஆனா பேஸ் கணக்குப்படி இல்லை"

இது மலைக்காரர்களுக்கான பாடம். சமவெளியில் இருப்பவர்கள் தாண்டிப் போகலாம்.

குன்னூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,850 மீட்டர். இங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஊட்டியில் இன்னும் குறைவு. மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்று ஊஃபருக்கு ஒரு ஸ்பிரிங் மாதிரி. அந்த ஸ்பிரிங்கின் விறைப்பு காற்றழுத்தத்தைப் பொறுத்தது. அழுத்தம் குறைந்தால் ஸ்பிரிங் தளர்கிறது. கடல்மட்டத்தில் 10 லிட்டர் பெட்டி தரும் விறைப்பை இங்கே 8 லிட்டர் பெட்டியே தந்துவிடும். மேஜையில் இடம் மிச்சம்! ஊஃபரோடு வரும் தாளில் உள்ள வாஸ் என்ற அளவும் (ஊஃபரின் விறைப்புக்குச் சமமான காற்றின் கன அளவு) இதே காரணத்தால் இங்கே அளந்தால் குறைவாகத்தான் வரும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாக நினைத்து நான் ஒரு ஊஃபரைத் திருப்பிக் கொடுக்கக் கோவைவரை கிளம்பிவிட்டேன். பர்லியார் தாண்டும்போதுதான் உறைத்தது. இறங்கி டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் மேலே வந்துவிட்டேன்.

குழாய்ப் பெட்டியின் கதை வேறு. குழாய் எந்தச் சுரத்துக்கு ஒத்திருக்கிறது என்பது ஒலியின் வேகத்தைப் பொறுத்தது. வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது, அழுத்தத்தை அல்ல. எனவே குழாயின் நீளத்தை மலைக்கென்று மாற்ற வேண்டியதில்லை. ஆனால் ஊஃபருக்கும் பெட்டிக்கும் உள்ள பொருத்தம் மாறும், மென்பொருளில் வாஸைக் குறைத்துப் போட்டுப் பாருங்கள்.

காற்று மெலிந்திருப்பதால் மொத்தச் சத்தமும் ஒன்றரை முதல் இரண்டு டெசிபல் குறையும். ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து கேட்கும் மானிட்டருக்கு அது பொருட்டே இல்லை.

டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் அளக்காதீர்கள். குளிரில் ரப்பர் விளிம்பு விறைத்து, ஊஃபரின் ஒத்ததிர்வு மேலே ஏறிக் காட்டும். அரை மணி நேரம் பாட்டுப் போட்டுச் சூடாக்கிவிட்டு அளக்க வேண்டும்.

"குரல் கூர்மையா குத்துது, ஒரு மணி நேரத்தில் காது களைச்சுப்போகுது"

வாசலிலும் குத்துகிறதா? அப்படியானால் பெட்டி முகப்பைக் கவனியுங்கள். முகப்பின் அகலத்தைவிட அலைநீளம் பெரிதாகும்போது ஒலி பின்பக்கமும் சுற்றிப் போய்விடும். முன்னால் இருப்பவருக்கு அது இழப்பு. 115-ஐ முகப்பு அகலத்தால் (மீட்டரில்) வகுத்தால் இந்த இறக்கத்தின் மையம் தெரியும். 20 சென்டிமீட்டர் முகப்புக்கு சுமார் 575 ஹெர்ட்ஸ். வெட்டவெளியில் முழு இறக்கம் 6 டெசிபல். கிராஸ்ஓவர் வடிவமைக்கும்போது இதை ஈடு செய்யாவிட்டால் மேல்சுரம் எல்லாம் தூக்கலாகக் கேட்கும். தாளில் உள்ளதை அப்படியே நம்பி 6 டெசிபலும் ஈடு செய்தால், சுவரோடு ஒட்டிய ஸ்பீக்கர் இப்போது மந்தமாகிவிடும். சுவரே பாதி வேலையைச் செய்துவிடுவதால் 3 டெசிபலில் தொடங்கிக் காதுக்கேற்ப ஏற்றுங்கள்.

வாசலில் சாதுவாகி, உள்ளே மட்டும் குத்தினால் மேஜை, பக்கச்சுவர், ஜன்னல். நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள், வீட்டில் ஒருவரை முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு வைத்து நகர்த்தச் சொல்லுங்கள். எந்த இடத்தில் ட்வீட்டர் கண்ணாடியில் தெரிகிறதோ அங்கே ஒரு உறிஞ்சி. மேஜைமேலும் இதே சோதனை. எனக்கு ஜன்னல் பக்கம் கனத்த கம்பளியைத் திரையாகப் போட்டதில் பாதி குறைந்தது. தேயிலைத் தோட்டக் காட்சி போய்விட்டது, வேறு வழியில்லை.

"உட்கார்ந்தா ஒரு மாதிரி, எழுந்து நின்னா வேற மாதிரி"

ஊஃபரும் ட்வீட்டரும் கைமாற்றும் இடத்தில், அதாவது பெரும்பாலும் 2,000 முதல் 2,500 ஹெர்ட்ஸ்வரை, இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து ஒலிப்பது ஒரு உயரத்தில் மட்டும்தான். ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். அழகுக்காகப் பெட்டியைப் படுக்க வைக்காதீர்கள். ஓரளவு மாற்றம் எல்லா இருவழி ஸ்பீக்கரிலும் இயல்பு.

உட்கார்ந்த இடத்திலேயே குரல் குழிந்து கேட்டால் ட்வீட்டரின் பிளஸ் மைனஸ் மாறியிருக்கலாம். லிங்க்விட்ஸ்-ரைலி என்ற வகைக் கிராஸ்ஓவரில், ஒலியைச் செங்குத்தாக வெட்டும் நான்காம் வரிசை என்றால் இரண்டும் ஒரே திசையில் இணையும். சற்றுச் சாய்வாக வெட்டும் இரண்டாம் வரிசையில் ட்வீட்டரைத் திருப்பி இணைக்க வேண்டும். இதைச் சரிபார்க்க நல்ல வழி: வேண்டுமென்றே தலைகீழாக இணைத்து அளந்து பாருங்கள். கைமாற்றும் இடத்தில் கிணறு மாதிரி ஆழமான பள்ளம் விழுந்தால், சரியாக இணைக்கும்போது எல்லாம் கச்சிதமாகச் சேர்கிறது என்று பொருள். பள்ளம் ஆழமில்லாமல் கோணலாக இருந்தால் கிராஸ்ஓவரில் இன்னும் வேலை இருக்கிறது.

"பாடகர் நடுவில் நிக்காம இடப்பக்கம் போறார்"

இரண்டு ஸ்பீக்கரையும் இடம் மாற்றிப் பாருங்கள். பாடகரும் இடம் மாறினால் ஒரு ஸ்பீக்கரில் கோளாறு. அங்கேயே நின்றால் அறை. என்னுடையதில் ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் சுவர் என்பதால் அங்கேயேதான் நின்றார்.

எங்கும் நிற்காமல் தலையைச் சுற்றி மிதக்கிறார், பேஸும் இல்லை என்றால் ஒரு ஸ்பீக்கரின் ஒயர் தலைகீழ். ஆம்பிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை ஊஃபரின் முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். பிளஸ் பிளஸோடு பட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். ட்வீட்டரில் இதைச் செய்யாதீர்கள்.

"ஒரு சத்தத்தில் மட்டும் கிர்ர்ர்ங்குது"

30-இலிருந்து 300 ஹெர்ட்ஸ்வரை மெதுவாக ஏறும் ஒரே சுரத்தை ஓடவிட்டு, எங்கே கிர்ரென்கிறதோ அங்கே நிறுத்துங்கள். அப்புறம் கையால் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள்: பெட்டிப் பக்கங்கள், முனைத் தகடு, ஊஃபர் திருகுகள், உள்ளே பெட்டியில் தட்டும் ஒயர். மூடிய பெட்டியில் காற்றுக் கசிவு இருந்தால் புஸ் என்று ஒரு மெல்லிய சீறல் வரும். ஊதுபத்தியை இணைப்பு ஓரமாக நகர்த்துங்கள், புகை நடுங்கும் இடத்தில் ஓட்டை. ஊஃபரை விரல்களால் மெல்ல உள்ளே அழுத்தி விட்டாலும் தெரியும். மெதுவாகத் திரும்பி வந்தால் பெட்டி இறுக்கம், டக்கென்று வந்தால் கசிவு.

எனக்கு 83 ஹெர்ட்ஸில் வந்தது. ஊஃபர் கேஸ்கெட்டை மாற்றினேன், உள்ளே குறுக்குச் சட்டம் வைத்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா சமையலறையிலிருந்து வந்து, "உன் சத்தம் போட்டா பீரோ பேசுதுடா" என்றார். பக்கத்து அறை ஸ்டீல் பீரோவின் கைப்பிடி. ஒரு துண்டு சைக்கிள் டியூப் செருகினேன், முடிந்தது. வாசல் சோதனையைச் செய்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

"உய்ங்"

தாழ்ந்த முனகல் 50 அல்லது 100 ஹெர்ட்ஸ், மின்சாரத்திலிருந்து வருவது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் நிற்கிறதா? நின்றால் எர்த் வளையம், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் வழியே மின்சாரம் சுற்றி வருகிறது. எல்லாவற்றையும் ஒரே போர்டில் செருகுங்கள், ஆடியோ இன்டர்ஃபேஸிலிருந்து ஸ்பீக்கருக்கு பேலன்ஸ்டு ஒயர் (வழியில் சேரும் இரைச்சலை ரத்து செய்யும் வகை) போடுங்கள். எர்த் பின்னை வெட்டிவிட்டால் சரியாகும் என்று ஒருவர் சொல்லுவார். சரியாகும், அப்புறம் ஒரு நாள் ஷாக் அடிக்கும். வெட்டாதீர்கள்.

உஸ் என்ற சத்தம் மட்டும் என்றால் ஆம்பின் கெயின் தேவைக்கு மேல். குறைத்துக்கொள்ளுங்கள்.

"கோடையில் நல்லா இருந்தது, ஐப்பசி மழையில் கெட்டுப்போச்சு"

எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை அதிகம். என் முதல் ஜோடி எம்.டி.எஃப்.-இல் (மரநாரைப் பசையோடு அழுத்திய பலகை) செய்தது. ஆசாரி அப்போதே சொன்னார், "வேண்டாம் தம்பி, இது மழைக்கு பன் மாதிரி ஊதிடும்." நெட்டில் எல்லோரும் எம்.டி.எஃப். என்கிறார்களே என்று நான் கேட்கவில்லை. இரண்டாவது மழையில் பின்பலகையின் அடி ஓரம் ஊதி, மூலை இணைப்பு நூலிழை விட்டது. மூடிய பெட்டி கசிவுப் பெட்டியானது.

இப்போது 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட். கீழேயிருந்து வந்ததும் வெட்டுவதில்லை. இரண்டு வாரம் அறையிலேயே நிறுத்தி, ஊர் ஈரத்துக்குப் பழகவிட்டுத்தான் ஆசாரியைக் கூப்பிடுகிறேன். வெட்டிய ஓரங்களுக்கும் உட்புறத்துக்கும் இரண்டு கை சீலர். ஊஃபருக்கு வெட்டிய வட்டத்தின் ஓரத்தை எல்லோரும் மறப்பார்கள், ஈரம் புகுவது அங்கேதான். தோட்டத்தில் சும்மா கிடைக்கிற சில்வர் ஓக் பலகையில் ஒருவர் ஆசையாகச் செய்தார். பார்க்க அழகு. ஆனால் முழுமரம் ஈரத்துக்குத் தக்கபடி விரிந்து சுருங்கும், இவ்வளவு கச்சிதமான பெட்டிக்கு நான் சொல்ல மாட்டேன்.

பெட்டி நன்றாக இருந்தும் கரகரத்தால் ஊஃபர் கூம்பை நான்கு விரலால் சமமாக அழுத்துங்கள். உள்ளே உரசல் கேட்டால் காயில் துரு அல்லது தூசி, அந்த ஊஃபர் பெரும்பாலும் போனதுதான். காகிதக் கூம்பில் வெண்பூஞ்சை மட்டும் என்றால் உலர்ந்த தூரிகை போதும். மலையில் பாலிப்ரொப்பிலீன் கூம்பு வாங்குவது நிம்மதி. கேமராவும் ஆர்மோனியமும் வைத்திருக்கிற வீடுகளில் அலமாரிக்குள் சின்ன பல்ப் எரியவிடுவார்களே, அதே யுக்திதான்: மழை மாதங்களில் தினமும் ஒரு மணி நேரமாவது ஸ்பீக்கரைப் பாடவிடுங்கள்.

தகரத்தின்மேல் மழை அடித்துப் பெய்யும்போது எதுவுமே கேட்கவில்லை என்கிற புகாருக்கு என்னிடம் மருந்து இல்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வெட்டி ஒட்டும் வேலைகளைப் பார்க்கிறேன், மிக்ஸிங் மழை விட்டபிறகு.